ஒட்வொஷ் பேட்டர்: அடுத்தவர் இசையை நடத்தியே பாதி ஆயுள் போனதா?

மரப்பாச்சி எழுதியது:

ஹங்கேரிய இசைக்காரர் பேட்டர் ஒட்வொஷ் 2024 மார்ச் 24 அன்று புடாபெஸ்டில் இறந்தார். அப்போது வந்த அஞ்சலிக் கட்டுரைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். இந்த வாரம்தான் உட்கார்ந்து வாசிக்க முடிந்தது. பாதிப் பேர் 'கம்போசர், கண்டக்டர்' என்று எழுதியிருக்கிறார்கள். மீதிப் பேர் 'கண்டக்டர், கம்போசர்' என்று. கம்போசர் இசையை எழுதுபவர், கண்டக்டர் ஆர்க்கெஸ்ட்ராவை முன்னால் நின்று நடத்துபவர். (பஸ் கண்டக்டர் ஜோக் வேண்டாம். என் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான்.) அந்த வரிசைதான் என்னைக் குடைகிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1944 ஜனவரி 2இல் டிரான்சில்வேனியாவில் பிறந்தவர். அந்த ஊர் அன்று ஹங்கேரியில் இருந்தது, இன்று ருமேனியாவில். அவருக்கு 14 வயதில் ஹங்கேரிய கம்போசர் கொதாய் அவரை புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார். மாணவனாக இருக்கும்போதே நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இசை எழுதினார். 1966இல் உதவித்தொகையில் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் போனார். அங்கே ஜெர்மன் கம்போசர் ஸ்டாக்ஹவுசனோடு சேர்ந்தார். 1978இல் பிரெஞ்சு கம்போசர் புலேஸ் பாரிஸுக்குக் கூப்பிட்டு, தன் இசை ஆய்வு நிலையமான இர்காமின் திறப்புக் கச்சேரியை நடத்தச் சொன்னார். அதன் பிறகு 1979 முதல் 1991 வரை ஆன்சாம்பிள் இன்டர்கான்டெம்போரான் என்ற நவீன இசைக் குழுவின் இசை இயக்குநர்.

என் வருத்தம் இங்கேதான். 35 வயதிலிருந்து 47 வயதுவரை. ஒரு கம்போசருக்குக் கையும் தலையும் ஒன்றாக ஓடுகிற வயது அது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் மனிதர் அடுத்தவர்களின் ஸ்கோரை (இசையை எழுதிய தாளை) மேஜையில் விரித்துப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அவர் எழுதியவற்றில் பெரியவை என்று எனக்குத் தெரிவது ஒன்றிரண்டுதான். பாரிஸை விட்டதும் பாருங்கள்: 1995இல் அட்லாண்டிஸ், 1996இல் ஷேடோஸ், 1998இல் மூன்று சகோதரிகள் ஓபரா. அதற்குப் பிறகு ஓபரா மேல் ஓபரா. மதகைத் திறந்துவிட்ட மாதிரி.

புலேஸ் கூப்பிடாமல் இருந்திருந்தால் நமக்கு இன்னும் நாலு ஓபரா கிடைத்திருக்குமா?

நாலாம்_வரிசை எழுதியது:

முதலில் பெயர். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள், நம் இனிஷியல் மாதிரி. அதனால் தலைப்பில் 'ஒட்வொஷ் பேட்டர்' என்று போட்டது சரி, கீழே 'பேட்டர் ஒட்வொஷ்' என்று எழுதியது ஐரோப்பியப் பாணி. 'ஒ' என்பதும் முழுக்கச் சரியில்லை. உதட்டை 'ஒ'வுக்குக் குவித்துக்கொண்டு 'எ' சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, விடுங்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் தட்டார், பொற்கொல்லர்.

இன்னொன்று. நவீன ஹங்கேரிய இசை என்றால் லிகெட்டி, குர்தாக், இவர் என்று மூன்று பேரைச் சொல்வோம். மூன்று பேர் பிறந்த ஊரும் இன்றைய ருமேனியாவில்தான் இருக்கிறது. அவர்களுக்கு முந்தைய தலைமுறை பார்டோக்கும் அப்படித்தான். எல்லைக்கோட்டை நகர்த்திவிட்டார்கள், பாட்டு அங்கேயே இருந்தது.

கேள்விக்குப் பிறகு வருகிறேன். ரயிலில் இருக்கிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

மரப்பாச்சி போன மாதமும் இந்த ஆளைப் பற்றி எழுதியிருந்ததால் ஒரு துண்டு கேட்டேன். ஐந்து நிமிடம். அதற்குள் என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, 'மிக்ஸி எதையாவது கடித்துக்கொண்டதா?' என்று கேட்டாள். நான் ஐம்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறவன். காது கெட்டுப்போகவில்லை. இதில் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இவர் கண்டக்டராகவே இருந்திருக்கலாம் என்பதே என் ஓட்டு.

ஸ்பூல்டேப் எழுதியது:

சுருதிப்பெட்டி சார், நான் பாட்டுக்காரன் இல்லை. முப்பது வருஷம் ஒலிப்பதிவு அறையில் கத்தரிக்கோலும் பிளேடுமாக இருந்தவன். எனக்கு இவரைப் பிடிப்பதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

கொலோன் போன புதிதில் ஸ்டாக்ஹவுசனிடம் இவர் செய்தது பிரதியெடுக்கும் வேலை. குரு எழுதிய ஸ்கோரைச் சுத்தப் பிரதியாக எழுதித் தருவது. கேட்டால் குமாஸ்தா வேலை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த ஸ்கோர்களைப் பிரதியெடுக்க முடியாது. 1968 முதல் 1976 வரை அதே ஸ்டாக்ஹவுசன் குழுவில் வாசித்தார். 1971 முதல் 1979 வரை கொலோன் வானொலி நிலையத்தின் எலக்ட்ரானிக் ஸ்டூடியோவில் வேலை. அதாவது பாரிஸுக்குப் போகும் முன்பே இந்த மனிதர் எழுத்தர், வாத்தியக்காரர், ஒலிப் பொறியாளர் மூன்றும் ஆகியிருந்தார்.

1968இல் அவர் செய்த ஒரு டேப் இசை 'மெஷெ'. கதை என்று பொருள். 99 ஹங்கேரிய நாட்டுப்புறக் கதைகளின் வாசகங்களை எடுத்து, ஒரு நடிகையைச் சொல்லவைத்துப் பதிவுசெய்து, அதை வெட்டி ஒட்டியிருக்கிறார். பாட்டு கிடையாது. வாத்தியம் கிடையாது. பேச்சு மட்டும். நாம் 'ஒரே ஒரு ஊர்ல' என்று ஆரம்பிப்பது போல, அவர்கள் 'எங்கேயோ இருந்ததாம், எங்கேயும் இல்லையாம்' என்று ஆரம்பிப்பார்கள். அந்த மாதிரித் தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடுகின்றன. ஹங்கேரியன் எனக்கு ஒரு அட்சரம் தெரியாது. ஆனால் இரண்டு நிமிடத்தில் ஒரு பாட்டி கதை சொல்கிறாள், அடுத்தது என்ன என்று நான் காத்திருக்கிறேன் என்பது தெரிந்துவிடுகிறது.

அந்த வேலையின் கஷ்டம் டேப் வெட்டியவனுக்குத்தான் தெரியும். சத்தம் தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்க ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டுவோம். டேப்பை வாசிக்கும் ஹெட்டில் 'ர்ர்ரூப்' என்று ஒரு உறுமல் வரும். அந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. எடுத்துக் கட்டையில் வைத்துச் சாய்வாக ஒரு வெட்டு. நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டப்' என்று கேட்கும். ஒரு சொல்லின் முதல் மெய்யெழுத்து மட்டும் அரை விரல் நீளத்துக்கு மேல் வரும், வேகத்தைப் பொறுத்து. ஒரு நாள் நான் தவறான பக்கத்தை வெட்டி, ஒரு பெரியவரின் பேச்சிலிருந்து 'இல்லை' என்ற சொல்லைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அர்த்தமே தலைகீழாகிவிட்டது. முக்கால் மணி நேரம் தொட்டியைக் கிளறி அந்தத் துண்டைக் கண்டுபிடித்தேன்.

சொல்ல வந்தது: இப்படிப் பேச்சை விரலால் தொட்டுப் பழகியவர் பிற்பாடு ஓபரா எழுதினால் அது எப்படி இருக்கும்? அதனால் வருஷக் கணக்குப் பார்த்து நஷ்டம் எழுத வேண்டாம் என்பது என் கட்சி.

மரப்பாச்சி எழுதியது:

ஸ்பூல்டேப் சார், நீங்கள் சொல்வதெல்லாம் 1979க்கு முந்தி நடந்தது. நான் கேட்டது அதற்குப் பிந்திய பன்னிரண்டு வருஷம்.

நாலாம்_வரிசை எழுதியது:

வீட்டுக்கு வந்துவிட்டேன். பிந்திய பன்னிரண்டு வருஷத்துக்குக் கணக்குச் சொல்கிறேன்.

1981இல் ஸ்டாக்ஹவுசனின் 'வியாழன்' (கிழமைதான், கோள் இல்லை) ஓபரா மிலான் லா ஸ்காலாவில் முதன்முதல் ஏறியபோது நடத்தியவர் இவர். 1988இல் அதே அரங்கில் 'திங்கள்'. 1984இல் அமெரிக்க கம்போசர் ஸ்டீவ் ரைக்கின் 'டெசர்ட் மியூசிக்' கொலோனில் முதலில் ஒலித்தது இவர் கையில். 1986இல் லண்டனில் ஆங்கிலேய கம்போசர் பர்ட்விசிலின் 'எர்த் டான்சஸ்'. 1985 முதல் 1988 வரை பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை விருந்தினர் கண்டக்டர். இவர் இல்லாவிட்டாலும் வேறு யாரோ நடத்தியிருப்பார்கள், சரி. ஆனால் ரைக்கின் இசையும் ஸ்டாக்ஹவுசனின் இசையும் எதிரெதிர்த் தெருக்காரர்கள். அந்தக் காலத்தில் ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியின் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காது. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர் இவர். கடைசிவரை எந்தக் கோஷ்டியிலும் சேராமல் எழுதியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1993இல் ஒரு தாளவாத்தியத் துண்டை ஃபிராங்க் ஸாப்பாவின் நினைவுக்கு எழுதியவர். ராக் கித்தார்க்காரருக்கு '151ஆம் சங்கீதம்' எழுத ஸ்டாக்ஹவுசன் பள்ளியில் வேறு யார் துணிவார்கள்? விவிலியத்தில் சங்கீதம் 150தான், கவனியுங்கள்.

அப்புறம், அந்தக் காலத்தில் ஒன்றிரண்டுதான் எழுதினார் என்பதும் தவறு. 1981இல் ஒன்று, 1985இல் ஒன்று, 1986இல் 'சைனீஸ் ஓபரா'. அந்த 1985 துண்டு ஒரு குறும்பு. புலேஸின் 60ஆம் பிறந்தநாளுக்கு எழுதினார், பெயர் 'ஷ்டைன'. ஜெர்மனில் கற்கள். புலேஸின் முதல் பெயர் பியேர், பிரெஞ்சில் கல். வாத்தியக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கல்லை எடுத்துத் தட்டுகிறார்கள். முதலாளியின் பிறந்தநாளுக்குக் கூழாங்கல் பரிசு.

'சைனீஸ் ஓபரா'வில் சீனாவும் இல்லை, பாடகர்களும் இல்லை. முழுக்க வாத்தியங்கள். வெவ்வேறு நாடக இயக்குநர்களை மனத்தில் வைத்து ஒவ்வொரு பகுதியையும் எழுதியிருக்கிறார். பாடகர் இல்லாமலே மேடை கட்டிப் பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். 1998 திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

கல்லைத் தட்டுவதற்குச் சம்பளம் உண்டா? நான் விண்ணப்பிக்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சிரிப்பு இருக்கட்டும். 'இது இசையா' என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, 41 பக்கம் ஓடிவிட்டது. இங்கே ஒட்வொஷ் மட்டும்.

மரப்பாச்சி எழுதியது:

சுருதிப்பெட்டி மாமா கேட்டது நியாயமான கேள்வி. 'எதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்?' மூன்று சகோதரிகளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

செக்கோவின் நாடகம். மூன்று அக்கா தங்கைகள் ஒரு சின்ன ஊரில் மாட்டிக்கொண்டு மாஸ்கோ போக வேண்டும் என்று ஏங்குகிறார்கள், போகவே மாட்டார்கள். இதை ஒட்வொஷ் வரிசையாகச் சொல்லவில்லை. மூன்று பகுதி: இரினா, ஆந்த்ரேய் (தம்பி), மாஷா. ஒரே நிகழ்ச்சிகள் வேறு வேறு ஆளின் கண்ணோடு திரும்ப வருகின்றன. நீங்கள் முன்பு கேட்ட வாக்கியம் இன்னொரு முறை வரும்போது அதே சொல் வேறு வலியோடு வரும்.

சகோதரிகளைப் பாடுவது பெண்கள் இல்லை, மூன்று கவுண்டர்டெனர்கள், அதாவது பெண் குரல் உயரத்தில் பாடும் ஆண்கள். முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. பத்து நிமிடத்தில் அது மறந்துபோகும். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, வயதும் தெரியாது. துக்கம் மட்டும் மிச்சம். எடுத்த எடுப்பில் அக்கார்டியன், அதன்மேல் மூன்று குரல்கள், ருஷ்ய மொழியில். நாடகத்தின் முடிவில் வரவேண்டிய சொற்கள் இங்கே தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன.

பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாத்தியம் கூடவே நடக்கிறது. இரினாவுக்கு ஓபோ, மாஷாவுக்கு கிளாரினெட், ஓல்காவுக்கு ஃப்ளூட், ஆந்த்ரேய்க்கு பசூன், அவன் பெண்டாட்டி நதாஷாவுக்கு சோப்ரானோ சாக்ஸ். அந்த சாக்ஸ் வந்தால் வீட்டில் நிம்மதி போச்சு. ராகம் தேட வேண்டாம், ஆளைத் தேடுங்கள்.

இன்னொரு விஷயம். இரண்டு ஆர்க்கெஸ்ட்ரா. மேடைக்கு முன்னால் குழியில் 18 பேர், மேடைக்குப் பின்னால் 50 பேர். 1998 மார்ச்சில் பாரிஸில் முதல் மேடையேற்றத்தை இரண்டு கண்டக்டர்கள் நடத்தினார்கள்: கென்ட் நகானோ, ஒட்வொஷ்.

நாலாம்_வரிசை எழுதியது:

பாரிஸ் இல்லை, லியோன். லியோன் ஓபரா கேட்டு எழுதியது அது. இயக்கம் ஜப்பானிய பூட்டோ நடனக் கலைஞர் உஷியோ அமகாட்சு.

மூன்று கவுண்டர்டெனர் யோசனைக்கு மூத்த அண்ணன் ஒன்று உண்டு. 1975இல் 'ராதாமெஸ்' என்று ஒரு குட்டி ஓபரா எழுதினார். காசில்லாத ஒரு ஓபரா அரங்கம். செலவைக் குறைக்க, வெர்டியின் 'அயீடா' ஓபராவில் வரும் அயீடாவையும் அவள் காதலன் ராதாமெஸையும் ஒரே கவுண்டர்டெனர் பாட வேண்டும். மூன்று இயக்குநர்கள் வந்து ஆளுக்கொரு கட்டளை போடுகிறார்கள். பட்ஜெட் வெட்டு ஜோக்காக ஆரம்பித்தது, 23 வருஷம் கழித்து செக்கோவின் துக்கமாகியிருக்கிறது.

மரப்பாச்சி எழுதியது:

லியோன்! திருத்தத்துக்கு நன்றி. பூட்டோ என்றதும் ஒன்று: 1970 ஒசாகா உலகக் கண்காட்சியிலிருந்து தொடங்கியதுதானே இந்த ஜப்பான் பைத்தியம்?

ஸ்பூல்டேப் எழுதியது:

ஆமாம் அம்மா. ஜெர்மன் அரங்கில் உருண்டையாக ஒரு மண்டபம் கட்டினார்கள். கேட்பவர்கள் நடுவில், ஒலிபெருக்கிகள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சுற்றிலும். ஸ்டாக்ஹவுசனின் ஆட்கள் இருபது பேர், 183 நாள், தினமும் ஐந்தரை மணி நேரம் வாசித்தார்கள். அதில் ஒருவர் 26 வயது ஒட்வொஷ். ஆறு மாதம் ஒரு ஊரில் இருந்தால் ஊர் உடம்பில் ஏறும். 1973இல் ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவின் தற்கொலையை வைத்து 'ஹராகிரி' எழுதினார். அதில் தாளவாத்தியக்காரர் மேடையில் விறகு பிளக்கிறார். கட்டை சின்னதாகிக்கொண்டே போகும். 2008இல் 'லேடி சராஷினா', ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜப்பானியப் பெண்ணின் நாட்குறிப்பிலிருந்து.

பனிக்காலம் எழுதியது:

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதவில்லை. எனக்கு இந்த இசை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த மனிதரின் ஒரு ஓபரா பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இன்னும் ஒருவரும் கதைக்கவில்லை. 'டெர் கோல்டனெ டிராஹெ', தங்க டிராகன். 2014இல் ஃபிராங்க்பர்ட்டில் முதலில் போட்டது. நான் பார்த்தது பிறகு வந்த ஒரு மேடையேற்றம். மகள் இங்கே இசை படிக்கிறாள், அவள்தான் 'அப்பா, உங்களுக்கு இது விளங்கும்' என்று கூட்டிக்கொண்டு போனாள். நான் கடைசி வரிசையில் நித்திரை கொள்ளலாம் என்றுதான் போனேன்.

கதை இதுதான். ஒரு ஆசிய உணவுக்கடையின் சின்னக் குசினி. தாய், சீன, வியட்நாம் சாப்பாடு எல்லாம் ஒரே கடையில். ஐந்து சமையல்காரர். அதில் ஒரு சீனப் பெடியன், பேப்பர் இல்லை. அவனுக்குப் பல்லுக்கொதி. பல் வைத்தியரிடம் போக ஏலாது, போனால் பிடிபடுவான். மற்ற நாலு பேரும் குறடு எடுத்துப் பல்லைப் பிடுங்குகிறார்கள். பல் பறந்து போய் ஒரு விமானப் பணிப்பெண்ணின் சூப்புக் கோப்பைக்குள் விழுகிறது. பெடியனுக்கு ரத்தம் நிற்கவில்லை. செத்துப்போகிறான். உடம்பைப் பாலத்திலிருந்து ஆற்றில் போடுகிறார்கள். ஆற்றோடு கடலுக்குப் போய், உலகத்தைச் சுற்றி, எலும்பாக ஊருக்குப் போய்ச் சேருகிறான்.

1992இல் என் அசூல் (அகதித் தஞ்ச) வழக்குத் தள்ளுபடியானது. வேறு நகரத்துக்குப் போய் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன், பதிவில்லாமல். கடையின் பெயர் வேண்டாம். எனக்கும் கடைவாய்ப்பல். பதினொரு நாள். கராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு நின்று கழுவினேன். முதலாளி 'முகம் ஏன் வீங்கியிருக்கு, வாடிக்கையாளர் பார்ப்பார்கள், பின்பக்கம் நில்' என்றார். கடைசியில் மூன்று பேர் காசு சேர்த்து, கேள்வி கேட்காத ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். எனக்கு ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓபரா தொடங்கும்போது பாட்டு வரவில்லை. கத்தி பலகையில் விழுகிற சத்தம், சட்டி, மூடி, கரண்டி. ஆர்க்கெஸ்ட்ரா பதினாறு பேர்தான் என்று மகள் சொன்னாள். அந்தச் சத்தத்தில் எந்தப் பாத்திரம் காலி, எது நிரம்பியது என்று எனக்குத் தெரிந்தது. குசினியில் வேலை செய்தவன் காதால்தான் வேலை செய்வான். பெடியனைப் பாடுவது ஒரு இளம் பெண். அவள் 'வலிக்குது' என்று சொல்லவில்லை, கத்துகிறாள், அதுவும் சுருதியில்தான் இருக்கிறது. அது அழகாக இருந்ததுதான் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள், ஏனென்றால் அது பகிடியாகவும் எழுதப்பட்டிருக்கு. நானும் பிறகு சிரித்தேன். சூப்புக்குள் பல் விழுந்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

கண்டக்டரா கம்போசரா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. குசினியின் சத்தம் தெரிந்த மனிதர்.

சுருதிப்பெட்டி எழுதியது:

பனிக்காலம், வணக்கம். 'மிக்ஸி' என்று நான் எழுதியதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், எழுதியது எழுதியதுதான். பல்லுக்கொதி என்ற சொல் நன்றாயிருக்கிறது. எங்கள் பக்கம் வெறும் பல்வலி. அதில் அந்தக் கொதிப்பு இல்லை.

ஸ்பூல்டேப் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அந்த ஓபராவை முழுக்கத் தேடிக் கேட்டேன். அதில் ஒரு எறும்பும் ஒரு சில்வண்டும் வருகின்றன. கோடையெல்லாம் பாடிவிட்டுக் குளிரில் பட்டினி கிடக்கும் அந்தப் பழைய கதை. இங்கே எறும்பு சோறு போடுகிற சாக்கில் சில்வண்டைத் தொழிலுக்கு விடுகிறது. அந்தச் சில்வண்டுதான் பெடியன் தேடிக்கொண்டிருந்த தங்கை. நாடகம் ரோலாண்ட் ஷிம்மல்பெனிக் எழுதியது, அதனால் சில்வண்டு அவருடையது. ஆனால் 1970இல் ஒட்வொஷ் உண்மையான சில்வண்டுச் சத்தங்களைப் பதிவுசெய்து டேப்பில் ஒரு இசை செய்தார், 'சில்வண்டு இசை' என்றே பெயர். 44 வருஷம் கழித்து அந்தப் பூச்சி திரும்பி வந்து பெண்ணாகப் பாடுகிறது. அந்த நாடகத்தை அவர் கையில் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நம்பிக்கொள்கிறேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

நாலாம்_வரிசை எழுதியது:

சுருதிப்பெட்டி சாருக்கு இரண்டு வாசல் திறந்துவைக்கிறேன்.

ஒன்று, 'செவன்'. 2003 பிப்ரவரி 1இல் கொலம்பியா விண்கலம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் ஒருவர். அந்த ஏழு பேருக்காக ஒட்வொஷ் எழுதிய வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த இசை) இது. எல்லாம் ஏழு: 49 வாத்தியக்காரர்கள், ஏழு ஏழாக. தனி வயலின் போக மற்ற ஆறு வயலின்களும் மேடையில் இல்லை, அரங்கில் சிதறி நிற்கின்றன. தனி வயலின் ஒன்று சொல்ல, இருட்டிலிருந்து எங்கோ ஒன்று பதில் சொல்லும். 2007இல் லூசர்னில் அகிகோ சுவனாய் வாசிக்க, நடத்தியவர் புலேஸ். இப்போது புலேஸ் இவருடைய ஸ்கோரில் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறார், மரப்பாச்சி கவனிக்க. பட்ரீசியா கொபட்சின்ஸ்கயா வாசித்த பதிவு பார்டோக், லிகெட்டி கான்செர்ட்டோக்களோடு சேர்ந்து வந்தது. நடத்தியவர் ஒட்வொஷ். அதிலிருந்து தொடங்குவது நல்லது. 1961இல் ககாரின் விண்ணுக்குப் போனபோது பதினேழு வயதில் 'கோஸ்மோஸ்' என்று ஒரு பியானோத் துண்டு எழுதினார். அண்ணாந்து பார்க்கிற பழக்கம் விடவேயில்லை.

இரண்டு, 'ஸ்பீக்கிங் டிரம்ஸ்'. தாளவாத்தியக்காரர் மார்ட்டின் குரூபிங்கருக்காக எழுதியது. அவர் வாயால் சொல்கிறார், டிரம் அதைத் திருப்பிச் சொல்கிறது. சொல்வது ஹங்கேரியக் கவிஞர் வெரெஷ் ஷாண்டோரின் கவிதைகள், அவற்றோடு ஜெயதேவர். நம் கீத கோவிந்த ஜெயதேவர்தான். சமஸ்கிருதத்திலேயே.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஜெயதேவரா! அஷ்டபதியை பஜனை மடத்தில் கேட்டு வளர்ந்தவன் நான், விடுவேனா? ராத்திரியே கேட்டேன்.

நேர்மையாகச் சொல்கிறேன். சமஸ்கிருத உச்சரிப்பு எனக்கு உறுத்தியது. ஜெயதேவரின் சொல்லில் ஒரு வழுக்கல் உண்டு, லகாரமும் மகாரமும் எண்ணெய் தேய்த்த மாதிரி ஓடும். இவர் அதைக் கல் உடைப்பது போல உடைக்கிறார். பக்தியும் இல்லை, சிருங்காரமும் இல்லை. ஆனால் அந்த ஆள் ஒரு அசையைச் சொல்லிவிட்டு அதையே தோலில் அடிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். பையன்களை முதல் ஆறு மாதம் வாத்தியத்தைத் தொடவிட மாட்டார். 'வாயில் வராதது விரலில் வராது' என்பார். தொடையில் தட்டிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாடம் இந்த ஹங்கேரிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

கணக்கு? நம் கணக்கு இல்லை. கோர்வை வைத்து சமத்தில் வந்து விழுகிற சுகம் கிடையாது. விழப்போகிறார் என்று கையைத் தூக்கினேன், அவர் வேறு பக்கம் போய்விட்டார். பத்துக்கு நாலு மதிப்பெண். மிக்ஸிக்கு நான் ஒன்றுதான் கொடுத்திருந்தேன்.

மரப்பாச்சி எழுதியது:

நாலு! மாமாவிடம் நாலு வாங்குவது லேசில்லை.

என் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை முக்கால்வாசி நகர்த்திவிட்டீர்கள். அவர் ஓபராக்களின் மொழிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். செக்கோவுக்கு ருஷ்யன். ழெனேயின் நாடகத்திலிருந்து எழுதிய 'லெ பால்கோன்' (2002) பிரெஞ்சில். 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா' (2004) ஆங்கிலத்தில். தங்க டிராகன் ஜெர்மனில். பரிக்கோவின் கதைக்கு இத்தாலியன். ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ராவோடு காலை பத்து மணி ரிகர்சலில் நின்று, அவர்கள் எப்படி மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்தவரால்தான் அந்தந்த மொழியின் மூச்சில் பாட்டு எழுத முடியும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஹங்கேரிய மொழியில் முழு ஓபரா எப்போது? 'வலுஷ்கா', 2023 டிசம்பர் 2, புடாபெஸ்ட். ஹங்கேரிய எழுத்தாளர் கிரஸ்னஹோர்கையின் நாவலிலிருந்து. செத்த திமிங்கிலத்தைக் கொண்டுவரும் சர்க்கஸ், கலவரத்துக்குள் விழும் ஒரு சின்ன ஊர், நட்சத்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவி. அப்போது இவருக்கு எண்பதாக ஒரு மாதம். நாலு மாதம்கூட முடியவில்லை, போய்விட்டார். தாய்மொழியில் இரண்டாவது ஓபரா எழுத அவருக்கு நேரமே இல்லை. என் மிச்சக் கால்வாசி வருத்தம் அங்கேயே நிற்கிறது, அதை எடுக்காதீர்கள்.

நாலாம்_வரிசை எழுதியது:

எடுக்கவில்லை. ஒரு துணுக்கு மட்டும். அதற்கு முந்தைய ஓபரா 'ஸ்லீப்லெஸ்', 2021இல் பெர்லினில். அது நோர்வே எழுத்தாளர் யோன் ஃபோசேயின் கதை. ஃபோசேவுக்கு நோபல் கிடைத்தது 2023இல். கிரஸ்னஹோர்கைக்கு 2025இல். இரண்டு பேரையும் நோபல்காரர்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்.

2004இல் பாரிஸ், கொலோன், ஹாலந்து எல்லாம் சுற்றிவிட்டு புடாபெஸ்ட் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இளம் கண்டக்டர்களுக்கும் கம்போசர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஒரு அறக்கட்டளை தொடங்கியது. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்.

பனிக்காலம் எழுதியது:

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். 'அப்பா, நீங்கள் பல் கதையை எனக்குச் சொல்லவே இல்லையே' என்றாள். ஓபரா பார்த்த அன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. இப்ப மூன்று சகோதரிகள் கேட்கச் சொல்லியிருக்கிறாள். ருஷ்யன் எனக்குத் தெரியாது, பரவாயில்லையா?

மரப்பாச்சி எழுதியது:

பரவாயில்லை அண்ணா. யாருக்கு எந்த வாத்தியம் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நானும் ஆரம்பத்தை மூன்று முறை கேட்டுவிட்டேன், அந்த அக்கார்டியன் இடத்தை. மதிப்பெண் பிறகு. ஒரு சந்தேகம். இரினாவுக்கு ஒரு பகுதி, மாஷாவுக்கு ஒரு பகுதி, தம்பிக்கு ஒரு பகுதி. மூத்தவள் ஓல்காவுக்கு ஏன் இல்லை?

மரப்பாச்சி எழுதியது:

மாமா, அவள் எல்லார் பகுதியிலும் இருக்கிறாள். பள்ளிக்கூடத்து வேலை முடிந்து தலைவலியோடு வந்து, மற்றவர்களைப் படுக்கவைத்து, விளக்கை அணைக்கிறவள் அவள்தான். ஃப்ளூட் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

எண்ணிவிட்டு வருகிறேன்.